வீட்டுக் காரின் இன்ஜினைப் புதுப்பிக்கச் சாமான் கொள்முதல் செய்வது எப்படி?

நம் சங்க உறுப்பினர்களில் அம்பாசடர் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கணிசமாக இருக்கிறார்கள். தகப்பனார் காலத்தில் வாங்கியது. கடைக்கும் கிட்டங்கிக்கும் ஓடியது. பின்னிருக்கையில் மாதிரிச் சரக்கு மூட்டை ஏறிய வண்டி. இன்று விற்றால் பெரிதாக ஒன்றும் வராது, விற்கவும் மனம் வராது. இப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் நீலப்புகை விட ஆரம்பிக்கிறது, ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் திணறுகிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இன்ஜின் வேலை செய்யணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று என்னிடம் கேட்டவர்கள் சிலர். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. அதற்கு முன்பு எந்தச் சிற்றூரிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பையனை அனுப்பினால் சாமான் வந்துவிடும். இப்போது அப்படி இல்லை. ஆகவே இந்த இன்ஜினைப் புதுப்பிப்பதில் திருகு திறக்கும் வேலை பாதி என்றால், சாமான் சேகரிக்கும் வேலை மறுபாதி. முதல் பாதியை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். இரண்டாவது பாதி கொள்முதல். அது நம்முடைய தொழில். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு நாம் கல்லாவில் உட்கார்ந்திருப்பதால்தான் பல வண்டிகள் பிரித்த நிலையில் மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கின்றன.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் வண்டியில் இருப்பது எந்த இன்ஜின் என்று நிச்சயப்படுத்திக் கொள்ளுங்கள். அம்பாசடர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பழைய பெட்ரோல் வண்டியில் இருப்பது 1489 சி.சி. கொண்ட இங்கிலாந்து பி.எம்.சி. வகை இன்ஜின். இதே அளவில் டீசல் இன்ஜினும் வந்தது. 1990-களில் இசுசு வகை 1800 பெட்ரோல் இன்ஜின் வந்தது. பின்னர் இசுசு டீசலும் வந்தது. ஒன்றின் பிஸ்டனோ பேரிங்கோ மற்றொன்றுக்குச் சேராது. "அம்பாசடர் ரிங் செட்" என்று கேட்டு வாங்குவது "ஒரு மூட்டை பருப்பு" என்று கேட்டு வாங்குவது போல. துவரையா, உளுந்தா, பாசியா என்று சொல்ல வேண்டாமா? இன்ஜின் நம்பரையும் வண்டி தயாரான ஆண்டையும் ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினை வைத்தே சொல்கிறேன். முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அளவுகள்தான் மாறும்.

ஆர்.சி. புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள். 15 ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபதிவு வேண்டும். 20 ஆண்டு கடந்த கார்களுக்கான கட்டணம் 2025-ல் உயர்த்தப்பட்டிருக்கிறது. பத்திரம் சரியில்லாத வண்டிக்கு இன்ஜின் செலவு செய்வது, பட்டா இல்லாத மனையில் மாடி கட்டுவது போல.

அடுத்தது, இன்ஜினை முழுவதும் பிரிக்கத்தான் வேண்டுமா என்பது. கம்ப்ரஷன் கேஜ் என்று ஒரு கருவி உண்டு. இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துவாரம் வழியாக ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் நன்றாக ஏறினால் தேய்ந்திருப்பது ரிங்கும் சிலிண்டரும். ஏறாமல் அப்படியே நின்றால் குறை வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் சேர்ந்தாற்போல் குறைந்தால் ஹெட் பேக்கிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். இதைச் செய்ய அரைமணி நேரம் போதும். வால்வு வேலையோடு முடிய வேண்டிய வண்டிக்கு முழு இன்ஜின் வேலை பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சில மெக்கானிக்குகள் இந்தச் சோதனையைச் செய்யாமலே காது கொண்டு தீர்ப்புச் சொல்வார்கள். காதும் நல்ல கருவிதான். ஆனாலும் கேஜில் பார்த்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்று சிட்டை

இன்ஜினை இறக்க முடிவு செய்துவிட்டால், சாமான் பட்டியலை ஒரே நீளச் சிட்டையாக எழுதாதீர்கள். மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

முதல் சிட்டையில், அளவெடுக்காமலே வாங்கக்கூடியவை. முழு பேக்கிங் செட், ஆயில் சீல்கள், டைமிங் செயின், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், பிளாக்கின் பக்கவாட்டில் அடிக்கும் வட்ட மூடிகள் (கோர் பிளக் என்பார்கள்), ஆயில் ஃபில்டர், பிளக், வாட்டர் பம்ப் அல்லது அதன் ரிப்பேர் செட், பெட்ரோல் பம்ப் ரிப்பேர் செட், இன்ஜின் மவுண்டிங் ரப்பர். இவற்றை இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே சேகரிக்க ஆரம்பிக்கலாம்.

இரண்டாவது சிட்டையில், அளவெடுத்த பிறகே வாங்க வேண்டியவை. பிஸ்டன், ரிங், மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், வால்வு கைடு, தேவைப்பட்டால் வால்வு. பணம் அதிகம் போவதும் தவறு அதிகம் நடப்பதும் இந்தச் சிட்டையில்தான்.

மூன்றாவது சிட்டையில், வாங்காமல் பட்டறையில் சரிசெய்து கொள்பவை. சிலிண்டர் பிளாக், கிராங்க், ஹெட், கனெக்டிங் ராடு, ராக்கர் ஷாஃப்ட் முதலியன. இவற்றுக்கு எதிரே சாமான் விலைக்குப் பதில் பட்டறைக் கூலியை எழுதிக்கொள்ள வேண்டும்.

மெக்கானிக் சொல்லச் சொல்ல இப்படி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணிக்கை, கேட்ட கடை, சொன்ன விலை, வாங்கிய தேதி என்று நான்கு கட்டம் போட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே ஒரு ஆயில் சீல் வராததால் மொத்த இன்ஜினும் நிற்கும். பலசரக்குக் கடையில் கடுகு இல்லை என்றால் வாடிக்கையாளர் மற்றதையாவது வாங்கிப் போவார். இன்ஜினில் அந்தச் சலுகை கிடையாது.

அளவு முதலில், பிஸ்டன் அடுத்து, போர் கடைசியில்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்தத் தலைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய இன்ஜினில் சிலிண்டரின் உள்விட்டம் புதிதாக இருக்கும்போது 73.025 மில்லிமீட்டர், அதாவது இரண்டே முக்கால் அங்குலத்துக்கு மேல் இன்னும் எட்டில் ஒரு பங்கு அங்குலம். பிஸ்டன் மேலும் கீழும் 88.9 மில்லிமீட்டர் ஓடுகிறது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகு சிலிண்டர் சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில் அதிகம் தேயும். அடியில் குறைவாகத் தேயும். வட்டமாக இருந்தது சற்று முட்டை வடிவமாகிவிடும். எனவே நான்கு சிலிண்டர்களையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களிலும், நீளவாக்கில் ஒன்று குறுக்குவாக்கில் ஒன்று என்று இரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும். மொத்தம் 24 அளவுகள். போரிங் பட்டறைக்காரர் டயல் கேஜ் வைத்து அளந்து சொல்வார். வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வராமல் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதுதான் ரீபோர். பிஸ்டன்கள் 20, 30, 40, 60 என்ற கூடுதல் அளவுகளில் வரும். 20 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பெரியது. பட்டறையில் இந்த ஆயிரத்தில் ஒரு பங்கைத் 'தவ்' என்பார்கள். நான்கு சிலிண்டர்களில் எது அதிகம் தேய்ந்ததோ அதை வைத்துத்தான் நான்குக்கும் அளவு தீர்மானமாகும். ஒரு சிலிண்டர் மட்டும் 20-ல் சுத்தமாகாது, 30-க்குப் போக வேண்டும் என்றால் நான்கும் 30-தான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அளவு தெரிந்தவுடன், "பிளாக் இங்கேயே இருக்கட்டும், நாளைக்கே கடைந்து வைக்கிறேன், நீங்கள் பிஸ்டன் வாங்கி வாருங்கள்" என்று பட்டறைக்காரர் சொல்வார். பத்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதில் ஆபத்தில்லை. எந்த அளவு கேட்டாலும் கிடைத்த காலம் அது. இன்று 20-ம் 40-ம் ஒரு கடையில் இருக்கும், 30 எங்கேயும் இருக்காது. இரும்பைக் கடைந்து எடுத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. எனக்குத் தெரிந்த பருப்பு வியாபாரி ஒருவருடைய வண்டிக்கு அப்படித்தான் ஆனது. பிளாக்கை 30-க்குக் கடைந்து முடித்துவிட்டார்கள். அந்த அளவில் மூன்று பிஸ்டன் ஒரு கடையில் கிடைத்தது, நாலாவது கிடைக்கவில்லை. நாலு மாதம் தேடிவிட்டுக் கடைசியில் 40-ல் முழு செட் அகப்பட்டதால் இரண்டாம் முறை கடைந்தார்கள். கூலி இரட்டிப்பு, அது கூடப் பரவாயில்லை. அடுத்த முறை கடைய இருந்த இரும்பு இந்த முறையே வீணாகப் போயிற்றே, அதற்கு யார் பணம் தருவார்கள்?

ஆகவே அளவெடுத்த சீட்டோடு கிளம்புங்கள். குறைந்தபட்சம் எந்த அளவு தேவை என்பது தெரியும். அந்த அளவிலோ, அதற்கு அடுத்த அளவிலோ முழு செட் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, நான்கு பிஸ்டனும் ரிங்கும் பின்னும் சேர்ந்து கைக்கு வந்த பிறகே கடையச் சொல்லுங்கள். இன்னொரு லாபமும் இதில் உண்டு. நல்ல பட்டறைக்காரர் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பிக் கடைவதில்லை. கொண்டுவந்த பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளி விட்டுத்தான் சிலிண்டரைக் கடைந்து மெருகு போடுவார். பிஸ்டனைப் பார்க்காமலே கடையும் பட்டறையை நான் இரண்டாம் முறை நாடுவதில்லை.

கிராங்குக்கும் இதே விதி, ஆனால் திசை தலைகீழ். கிராங்க் தேய்ந்தால் அதைச் சாணை பிடித்துச் சிறிதாக்குகிறார்கள்; பேரிங் அந்த அளவுக்குக் கனமாக வர வேண்டும். இதிலும் 10, 20, 30 என்றே எண் சொல்வார்கள். இந்த இன்ஜினில் மெயின் பேரிங் மூன்று, பிக் எண்ட் நான்கு. மெயின் ஒரு அளவிலும் பிக் எண்ட் வேறு அளவிலும் முடியலாம், அது தவறல்ல. கடையில் கேட்கும்போது "20 பேரிங்" என்று மட்டும் சொன்னால் எது என்று கடைக்காரர் ஊகிப்பார். அந்த ஊகத்துக்கு நாம் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். "மெயின் 10, பிக் எண்ட் 20" என்று எழுதிக் கொடுங்கள். நடு மெயினில் கிராங்க் முன்பின் அசையாமல் தடுக்கும் பிறை வடிவத் தகடுகள் இருக்கின்றன. பேரிங் பெட்டியில் அவை வராமல் தனியாக வாங்க வேண்டி வரும். மறந்துபோகும் சாமான்களில் இது முதலாவது.

பிஸ்டன் செட் வந்தவுடன் நம் கடைத் தராசுக்கு ஒரு வேலை இருக்கிறது. கிராம் காட்டும் மின்னணுத் தராசில் நான்கையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். நாலைந்து கிராமுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அது ஒரே செட் அல்ல, இரண்டு பெட்டியிலிருந்து சேர்த்தது என்று சந்தேகப்படலாம். மாற்றிக் கேளுங்கள். இன்ஜின் உதறல் இல்லாமல் ஓட இந்தச் சமநிறை அவசியம்.

எங்கே தேடுவது

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு புதிய சாமான்களுக்கு, புதுப்பேட்டை பழைய சாமான்களுக்கு. கோவையிலும் மதுரையிலும் நெடுநாளாக நடக்கும் கடைகளில் அம்பாசடர் சரக்கு அடியில் தங்கியிருக்கிறது. வடக்கே டில்லி காஷ்மீரி கேட் மிகப் பெரிய மொத்தச் சந்தை. கல்கத்தா மல்லிக் பஜாரையும் மறக்க வேண்டாம். அங்கே வாடகைக் கார்களாக நெடுங்காலம் ஓடியவை மஞ்சள் அம்பாசடர்கள் என்பதால் அந்தச் சாமானுக்கு அங்கே பழக்கம் அதிகம். நமக்கு மஞ்சள், மிளகாய் வாங்கிய பழக்கத்தில் எந்த ஊரிலும் ஒரு தரகரோ லாரி ஷெட்காரரோ தெரிந்திருப்பார். அவர் மூலம் நம்பகமான கடை எது என்று விசாரிப்பது கடைக்காரரையே விசாரிப்பதைவிட மேல்.

பிஸ்டனுக்குச் சென்னை இந்தியா பிஸ்டன்ஸ், பேரிங்குக்குப் பைமெட்டல், பேக்கிங்குக்கு டால்பிராஸ், வால்வுக்கு ரானே என்று நம் நாட்டிலேயே பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் உண்டு. இத்தகைய பெயருள்ள சரக்கு பழைய இருப்பில் கிடைத்தால் விடாதீர்கள். எங்கேயும் கிடைக்காத கடைசி நிலையில் இன்னொரு வழி இருக்கிறது. இதே 1489 சி.சி. பி.எம்.சி. இன்ஜின் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலும் இருந்தது. அந்தக் கார்களைப் போற்றி வைத்திருப்பவர்களுக்காக அங்கே இன்றும் சாமான் விற்கிறார்கள். ஆனால் பிஸ்டனின் தலை வடிவமும் பின் உயரமும் மாறக்கூடும். நம் பழைய பிஸ்டனைப் பக்கத்தில் வைத்து அளவு சரிபார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. சுங்கமும் அனுப்புகூலியும் சேர்ந்தால் விலை கண்ணைக் கட்டும்.

எதை வாங்கினாலும் பழைய சாமானைக் கையோடு கொண்டு போவது நல்லது. முடியாவிட்டால் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ரேட் விசாரிக்க இந்த வசதி நன்று. வாங்குவதற்கு நேரில் பார்ப்பதே உத்தமம்.

பழைய இருப்பும் போலிச் சரக்கும்

பத்து வருடம் பெட்டியில் தூங்கிய சரக்கை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அரிசி பழசானால் விலை கூடும். நிலக்கடலை பழசானால் காறிப்போகும். இங்கேயும் அப்படித்தான். பிஸ்டன், வால்வு, பேரிங், டைமிங் செயின் போன்ற உலோகச் சாமான் எண்ணெய்த்தாளில் துருப்பிடிக்காமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆயில் சீல், ஹோஸ், மவுண்டிங் போன்ற ரப்பரும், தக்கைப் பேக்கிங்கும் பழையதாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மடக்கிப் பார்த்தால் அப்பளம் போல உடையும். முழு பேக்கிங் செட் பழைய இருப்பில் கிடைத்தால் ஹெட் பேக்கிங்கை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் உள்ள ரப்பர், தக்கைச் சாமானைத் தனியே புதிதாக வாங்க வேண்டும்.

புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய சாமான் வாங்குவதிலும் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். டைமிங் கவர், மேனிஃபோல்டு, ராக்கர் கவர், பிராக்கெட், ஃபிளைவீல் ஆகியவை பழையதாக இருக்கலாம். ரிங், பேரிங், பேக்கிங், வால்வு ஸ்பிரிங் பழையதாக இருக்கவே கூடாது. கிராங்க் வாங்குவதானால் பட்டறையில் அளந்து, விரிசல் இல்லை என்று சோதித்துத் தருவதாக ஒப்புக்கொண்டால் மட்டும். முழு இன்ஜினே மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் ஒன்றை நினையுங்கள். பிளாக்கில் உள்ள நம்பர் ஆர்.சி.யில் உள்ள நம்பரோடு ஒத்துப்போகாது. அந்த இன்ஜினுக்கு முறையான பில்லும் பத்திரமும் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்றே தெரியாத இன்ஜின் நம் வாசலுக்கு வருவது மரியாதை அல்ல. நம் பிளாக்கையே கடைந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 60-ஐயும் தாண்டித் தேய்ந்திருந்தால்கூட ஸ்லீவ் அடித்து மறுபடி ஸ்டாண்டர்டு அளவுக்குக் கொண்டுவரலாம். கூலி அதிகம், ஆனால் நம்பர் நம்முடையது.

போலிச் சரக்கைப் பற்றி மளிகைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிளகில் பப்பாளி விதை பார்த்தவர்கள் நாம். பெட்டியின் அச்சு மங்கலாக இருப்பது, எழுத்துப் பிழை, சாமானின் மேல் பொறித்த எண்ணும் பெட்டியின் எண்ணும் வேறாக இருப்பது, நாலு கடையில் ஒரே மாதிரி சொன்ன விலைக்கு ஐந்தாவது கடை பாதி சொல்வது ஆகியவை நமக்குப் பழகிய அடையாளங்களே. போலி ஃபேன் பெல்ட் அறுந்தால் வழியில் நிற்போம். போலிப் பேரிங் உதிர்ந்தால் சாணை பிடித்த கிராங்கும் சேர்ந்து போகும்.

பில், வரி, பணம்

கார் உதிரிப் பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28 இருந்தது. பழைய விலைப்பட்டியலைக் காட்டி 28 கேட்டால் சுட்டிக்காட்டுங்கள். பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொல்பவரிடம் பிஸ்டனும் பேரிங்கும் வாங்க வேண்டாம். அளவு பொருந்தாமல் திருப்பிக் கொண்டுபோகும்போது அவர் நம்மை அடையாளம் காண மாட்டார். பில்லின் பின்புறம் "பொருந்தாவிடில் இத்தனை நாளுக்குள் திரும்பப் பெறப்படும்" என்று எழுதி வாங்குவது நல்லது. பெட்டியைக் கிழித்தாலோ எண்ணெய்க்கறை பட்டாலோ திரும்ப எடுக்க மாட்டார்கள். எனவே அளந்து பார்க்கும்வரை பெட்டி பத்திரம். இன்னொன்று: சொந்த உபயோகத்துக்கு வாங்கும் சாமானுக்குக் கடை ஜி.எஸ்.டி. நம்பரைக் கொடுத்து உள்ளீட்டு வரி எடுக்க இடமில்லை. சில்லறை லாபத்துக்கு ஆசைப்பட்டு ஆடிட்டரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, மூன்று சிட்டையின் கூட்டுத்தொகையோடு நாலில் ஒரு பங்கை மேலே சேர்த்து ஒதுக்குவது என் பழக்கம். பிரித்த பிறகுதான் தெரியும் குறைகள் உண்டு. ஹெட்டில் விரிசல், தேய்ந்த கேம் ஷாஃப்ட், ஆயில் பம்ப் என்று ஏதாவது ஒன்று வராமல் இருக்காது. கேம் ஷாஃப்ட் புதிது போட்டால் டேப்பட்டும் புதிது போட வேண்டும், அது எட்டு. பட்டறைக்கு முழுப்பணம் முன்னால் கொடுக்காமல், பிளாக்கை அளந்து சரிபார்த்தபின் பாக்கி கொடுங்கள்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். ஐப்பசியில் தீபாவளிச் சரக்கு இறங்கும்போது இன்ஜினை இறக்காதீர்கள். நமக்கும் நேரமில்லை, பட்டறையில் ஆளும் ஊருக்குப் போய்விடும். முதல் சிட்டைச் சாமான் முழுவதும் வந்து, இரண்டாவது சிட்டையில் எந்தெந்த அளவு எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்த பிறகே நாள் குறிப்பது சரி.

கிட்டங்கியில் இறக்கினால்

பலர் வீட்டு ஷெட்டிலோ கிட்டங்கியின் பின்கட்டிலோ வேலை வைத்துக்கொள்கிறார்கள். இன்ஜின் மட்டும் ஒன்றரைக் குவிண்டாலுக்குக் குறையாத பாரம். மூட்டை தூக்கும் செயின் பிளாக் இருக்கிறதே என்று ஓட்டுக்கூரையின் பழைய உத்திரத்தில் மாட்டாதீர்கள். இரும்பு கர்டர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் முக்காலி ஸ்டாண்டு வாடகைக்கு எடுங்கள். கீழே யாரும் உட்காரக் கூடாது.

கழற்றும் சாமானுக்கு நம்மிடம் இல்லாத வசதி இல்லை. நெட்டு போல்ட்டை இடம்வாரியாகப் பாலிதீன் பையில் போட்டுச் சீட்டு எழுதுங்கள். எட்டு புஷ் ராடுகளும் தேய்ந்த வரிசையிலேயே திரும்பப் போக வேண்டும். பிஸ்கட் அட்டைப்பெட்டியில் எட்டுத் துளை போட்டு எண் எழுதிச் செருகி வைத்தால் மாறாது. கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஜோடி. ஒன்றின் மூடி இன்னொன்றுக்கு ஆகாது. கடைந்து வந்த சிலிண்டரில் அன்றே ஆயில் தடவிப் பிளாஸ்டிக் தாளால் மூடாவிட்டால் மழைக்காலத்தில் ஓரிரவில் துருப் பூக்கும். பக்கத்தில் மிளகாய் அடுக்கும், மாவு சலிக்கும் வேலை நடந்தால் இன்ஜினை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். தூசியைவிடப் பெரிய பகை புதுப் பேரிங்குக்கு இல்லை.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நின்றது. அதற்கு முந்தைய ஹெட்டில், வால்வு உட்காரும் இடம் மிருதுவான இரும்பாக இருந்தால் ஈயமில்லாப் பெட்ரோலில் அது மெல்ல உள்வாங்கும். ஹெட் பட்டறைக்குப் போகும்போதே கெட்டியான வால்வு சீட் வளையம் பதிக்கச் சொல்லிவிடுங்கள், தனியாக மறுபடி கழற்ற வேண்டாம். இப்போது பம்புகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் இதற்குத் தாங்காமல் இளகவோ வெடிக்கவோ செய்யும். முதல் சிட்டையில் பெட்ரோல் ஹோஸ் எழுதும்போது "எத்தனால் தாங்கும் வகை" என்று சேர்த்து எழுதுங்கள்.

ஆயில் ஐந்து லிட்டர் டின் இரண்டு வாங்குங்கள். முதலில் ஊற்றுவதை ஆயிரம் கிலோமீட்டருக்குள் வடித்துவிட வேண்டும். புது ரிங் சிலிண்டரோடு பழகும் காலத்தில் இரும்புத்தூள் அதில் சேரும். இரண்டு டின்னும் சாதாரண மினரல் ஆயில் போதும். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயிலைக் கடைக்காரர் எடுத்துக் காட்டுவார், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃபில்டரும் இரண்டு வேண்டும்.

வேலை முடிந்தபின் ஒரு சீட்டு எழுதி பில்களோடு ஆர்.சி. உறையில் வைத்துவிடுங்கள். ரீபோர் எந்த அளவு, மெயின் எந்த அளவு, பிக் எண்ட் எந்த அளவு, பிஸ்டன் எந்தத் தயாரிப்பு, எந்தக் கடை, எந்தப் பட்டறை, எந்தத் தேதி, அன்று மீட்டரில் எத்தனை கிலோமீட்டர். அடுத்த முறை ஹெட் திறக்கும் மெக்கானிக் நம் மகன் காலத்தவராக இருப்பார்; முதலில் அந்தச் சீட்டைத்தான் கேட்பார்.